கொல்லிமலையில் ஏறிய உயரம் இறங்கும்போது எங்கே போகிறது?

காரவள்ளி அடிவாரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால் மலை தெரியும், சாலை தெரியாது. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். நானும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ; ஏறவேண்டிய உயரத்தைக் கணக்கு எளிதாக வர 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க 784 கிலோஜூல் வேண்டும். செங்குத்தாக ஏறினாலும் சரி, சுற்றிச் சுற்றிப் போனாலும் சரி, அதில் ஒரு ஜூல்கூடக் குறையாது. வளைவுகள் அந்த வேலையை நீளமாக இழுத்துப் பரப்பிக் கொடுக்கின்றன, அவ்வளவுதான்.

கியரும் அதே தந்திரம்தான். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில், கியர் இல்லாத சாதா சைக்கிளின் பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5 மீட்டர் நகரும், அதாவது 80 கிலோவை ஒரே சுற்றில் 25 சென்டிமீட்டர் தூக்குகிறோம். முழங்கால் கெஞ்சும். முன்னும் பின்னும் பல்லெண்ணிக்கை சமமாக இருக்கும் கியருக்கு மாற்றினால் ஒரு சுற்றுக்கு 10 சென்டிமீட்டர்தான். அப்புறம், வளைவில் உள்பக்க ஓரத்தை ஒட்டி ஏறாதீர்கள்: அங்கே தூரம் குறைவு, ஏறும் உயரம் அதே அளவு, ஆகவே செங்குத்து அதிகம்.

மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற சுமார் 100 வாட் போதும், பழைய சீலிங் ஃபேன் இழுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் சாப்பிட்டதில் கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மிச்சம் 300 வாட் உடம்பிலேயே சூடாகிறது, அந்த வேகத்தில் எதிர்காற்றும் கிடையாது. நாலாவது வளைவிலேயே சட்டை தெப்பலாக நனைவது இதனால்தான்.

சரி, மேலே போய்ச் சேர்ந்தாயிற்று. இறங்கும்போது அந்த 784 கிலோஜூலும் எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். சக்கர உராய்வு கொஞ்சம் தின்னும். மற்றதைக் காற்றும் பிரேக்கும் பங்குபோட்டுக்கொள்ளும். மொத்தத்தையும் தண்ணீர் காய்ச்சப் பயன்படுத்தினால் இரண்டரை லிட்டர் கொதிக்கும். இருபத்தைந்து கிளாஸ் டீ.

எனக்குப் பிடித்த கணக்கு இங்கேதான் வருகிறது. இதே சரிவில் மணிக்கு 10 கிலோமீட்டரில் பிரேக்கைப் பிடித்தபடியே ஊர்ந்தால் பிரேக்கில் சுமார் 90 வாட் சூடு பிறக்கும். 40-ல் போனால் காற்றே பெரும்பகுதியைத் தடுத்துவிடும், பிரேக்குக்கு 80 வாட்தான். நடுவில், நமக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் 25-ல், 165 வாட்! காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் அந்த வேகத்தில் அது இன்னும் பலவீனம், ஆனால் உயரமோ மளமளவென்று குறைந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பழகியவர்கள் நேர்ச்சாலையில் பிரேக்கை விட்டுவிடுகிறார்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, மறுபடி விட்டுவிடுகிறார்கள். பஸ் எதிரே வரும் குறுகலான மலைப்பாதையில் அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. பிரேக்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

பாதிக்கு மேல் இறங்கியிருப்பேன், முன்சக்கரத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம். என்னுடையது ரிம்மையே கட்டை கவ்வும் பிரேக். நிறுத்தி ரிம்மைத் தொட்டேன், விரலைச் சுட்டது. டயரைக் கழற்றிப் பார்த்தால், இரண்டு வாரத்துக்கு முன் போட்ட பஞ்சர் ஒட்டு, சூட்டில் பசை இளகி, ஓரத்தில் வாய் பிளந்து நின்றது. கட்டையிலிருந்து ரிம், ரிம்மிலிருந்து டியூப் என்று சூடு இறங்கிய பாதை கண்ணுக்குத் தெரிந்தது. பாறையில் உட்கார்ந்து ரிம் ஆறும்வரை கால் மணி நேரம் காத்திருந்தேன், பையிலிருந்த புது டியூபை மாட்டினேன். அதற்கப்புறம் நாலு வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.