கம்பனிச் சில்லுதானே என்று நம்பிப் பூட்டாதீர்கள்

"அண்ணை, இது ஒரிஜினல் போர்ஷே சில்லு. பிறகேன் பூட்டேலாது எண்டு சொல்லுறியள்?"

வசந்தகாலத்தில் ஒரு தம்பி எங்கள் கராஜில் நின்று கேட்ட கேள்வி இது. அவருடையது 986 என்ற முதல் தலைமுறை பொக்ஸ்டர் எஸ். பின்சில்லுகள் மட்கார்டுக்குள் ஒடுங்கி நிற்கிறது போல் இருக்கிறது, கொஞ்சம் அகலமாக்க வேண்டும் என்று, அதே காலத்துப் போர்ஷே 911 ஆன 996 கரேராவின் 18 அங்குலச் சில்லு இரண்டைப் பழையதாக வாங்கி வந்திருந்தார். இங்கே ஜேர்மனியில் இப்படிச் சில்லு மாற்றும் ஆசை நிறையப் பேருக்கு உண்டு. எனக்கும் அது பிடித்த வேலைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. இரண்டு காருக்கும் ஐந்து துளை, 130 மி.மீ. வட்டம், நடுத்துளை 71.6 மி.மீ. சில்லு அழகாக ஏறும். ஆனால் சில்லின் உள்முகத்தில் வார்த்திருக்கும் இரண்டு எண்களை அவர் பார்க்கவில்லை. அவரது காரோடு வந்த பின்சில்லு 9 ஜே, ஈ.டி. 52. வாங்கி வந்தது 10 ஜே, ஈ.டி. 65. ஜே என்பது அங்குலத்தில் அகலம். ஈ.டி. என்பது சில்லின் நடுக்கோட்டிலிருந்து ஹப்போடு (காரில் சில்லைப் பூட்டும் சுழலும் குடம்) ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. அந்த எண் கூடக்கூடச் சில்லு காருக்குள்ளே போகும்.

ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 9 அங்குலம் 228.6 மி.மீ., அதில் பாதி 114.3. அதோடு 52ஐக் கூட்டினால் ஹப் முகத்திலிருந்து உள்விளிம்பு 166.3 மி.மீ., கழித்தால் வெளிவிளிம்பு 62.3. புதிய சில்லில் பாதி 127. உள்ளே 192, வெளியே 62. ரிம்மின் உதட்டுத் தடிப்பை நான் சேர்க்கவில்லை; இரண்டிலும் அது ஒன்றுபோலத்தான். ஆக, கூடுதலாக வந்த அகலம் முழுவதும், ஏறக்குறைய 26 மி.மீ., உள்பக்கமே போகிறது. வெளியே ஒரு மயிரிழைகூட வரவில்லை. உள்ளேயோ ஸ்ட்ரட், அதாவது சஸ்பென்ஷனின் தூண், நிற்கிறது. கையால் ஏற்றிப் பார்த்தபோது டயருக்கும் அதற்கும் இடையில் என் சின்ன விரல் நுழையவில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 996 டர்போவின் பின்சில்லு 11 ஜே, ஈ.டி. 45. அதைச் சாதாரண கரேராவில் பூட்டினால் உள்ளே 7 மி.மீ. இடம் கூடும், ஆனால் வெளியே 33 மி.மீ. துருத்தும். டர்போவின் உடம்பே கரேராவைவிட 60 மி.மீ. அகலம் என்பதால்தான் அங்கே அது சரியாக இருக்கிறது. ஒரே கம்பனி, ஒரே காலம், ஆனாலும் வேறு உடம்புக்குச் செய்த சில்லு.

சரி, தம்பியின் சில்லுக்கு வழி இருந்தது. ஹப்புக்கும் சில்லுக்கும் இடையில் 15 மி.மீ. தடிப்பான வளையம், அதாவது ஸ்பேசர், வைத்தால் உள்ளே 10.7, வெளியே 14.7 என்று அகலம் இரண்டு பக்கமும் பிரியும். ஸ்பேசர் என்றாலே ஆபத்து என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அப்படியில்லை. போர்ஷேயே 5 மி.மீ. ஸ்பேசரை நீளப் போல்ட்டுகளோடு சேர்த்து விற்றிருக்கிறது. ஸ்பேசரின் துளை ஹப்பின் உதட்டில் இறுக்கமாக உட்கார வேண்டும். தடித்த ஸ்பேசரில் சில்லுக்காக மறுபக்கமும் ஓர் உதடு இருக்க வேண்டும். ஹப் முகத்தில் குளிர்கால வீதி உப்பால் வந்த துரு இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். அந்தத் துருவின் மேல் வைத்து இறுக்கினால் சில்லு நேராக நிற்காது, பிறகு பலன்ஸ் எத்தனை முறை பார்த்தாலும் ஸ்டியரிங் நடுங்கும்.

என்னைப் பயமுறுத்துவது போல்ட்தான். போர்ஷேயின் போல்ட் எம் 14, அதாவது 14 மி.மீ. விட்டம்; ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. உள்ளே போகும். 15 மி.மீ. ஸ்பேசரை வைத்துவிட்டுப் பழைய போல்ட்டையே போட்டால் பத்துச் சுற்றுப் பிடிப்பு இல்லாமல் போகிறது. வெறும் 5 மி.மீ. என்றாலும் மூன்று சுற்றுக்கு மேல் போய்விடும். கையால் திருகிச் சுற்றை எண்ணுங்கள். எம் 14க்கு ஏழரைச் சுற்றுக்குக் குறைந்தால் நான் காரை வெளியே விடமாட்டேன். தலையின் அடிப்பாகமும் முக்கியம். போர்ஷேக்கு உருண்டை இருக்கை, ஆரம் 14 மி.மீ. வொல்க்ஸ்வாகன் போல்ட்டும் உருண்டைதான், ஆனால் 13. கடையில் கிடைக்கும் பலவற்றின் அடி கூம்பு வடிவம். மூன்றையும் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாது. இருக்கை பொருந்தாவிட்டால், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 130 நியூட்டன் மீட்டர் என்று கிளிக் சொல்லும், சில்லோ சில நாளில் தளரும்.

அப்புறம், நீளப் போல்ட் செய்யும் கேடு. ஐப்பசியில் அந்தத் தம்பி வேறோர் இடத்தில் குளிர்காலச் சில்லு மாற்றினார். அவை ஸ்பேசர் இல்லாமல் பூட்டும் பழைய சில்லுகள். ஸ்பேசரைக் கழற்றிவிட்டார்கள், ஆனால் நீளப் போல்ட்டுகளையே திரும்பப் போட்டு இறுக்கிவிட்டார்கள். போர்ஷேயின் ஹேண்ட்பிரேக், பின்பிரேக் டிஸ்கின் குடத்துக்குள் தனி ஷூவாக இருக்கிறது. 15 மி.மீ. கூடுதல் போல்ட் ஹப்பைத் துளைத்துக்கொண்டு அதற்குள்தான் நீட்டும். மெதுவாகப் போகும்போது பின்னால் ஏதோ அரைபடுகிறது என்று கோல் எடுத்தார். "தம்பி, நிண்ட இடத்திலயே நிப்பாட்டுங்கோ" என்றேன். காரை ஏற்றிக் கொண்டுவந்து டிஸ்கைக் கழற்றியபோது ஹேண்ட்பிரேக்கின் ஸ்பிரிங் ஒன்று இரண்டு துண்டாகக் கையில் விழுந்தது. ஷூவில் போல்ட் கீறிய வளையங்கள் பளபளவென்று தெரிந்தன. ஓட்டோபான் அதிவேகச் சாலையில் அந்தத் துண்டு சிக்கிச் சில்லு சுழலாமல் இறுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சட்டப் பக்கத்தையும் விட முடியாது. ஜேர்மனியில் ஸ்பேசரோடு அதற்கான சான்றிதழ் வர வேண்டும். பெரும்பாலானவற்றைப் பூட்டியபின் டூவ் அல்லது டெக்ரா என்ற வாகனப் பரிசோதனை நிறுவனத்தின் பொறியியலாளரிடம் காட்டிப் பதிய வேண்டும். பதியாமல் ஓடினால் வண்டியின் இயக்க அனுமதியே செல்லாமல் போகலாம், விபத்து நடந்தால் காப்புறுதியோடும் இழுபறி. அவர்கள் பார்ப்பதில் ஒன்று மட்கார்ட் மறைப்பு: சில்லின் மையத்திலிருந்து முன்னால் 30 பாகை, பின்னால் 50 பாகை வரை டயரின் தடம் மூடப்பட்டிருக்க வேண்டும். கட்டையில் ஒரு சில்லை ஏற்றி, எதிர்மூலையை அமுக்கி, எங்காவது உரசுகிறதா என்றும் பார்ப்பார்கள். அதை நாங்கள் போவதற்கு முன்பே கராஜில் செய்துவிடுவோம்.

பூட்டி 50 கி.மீ. ஓடியதும் திரும்பவும் டார்க் ரெஞ்ச் போடுங்கள். அந்தத் தம்பிக்கு ஹேண்ட்பிரேக்கைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தபோது இரண்டு துணிப்பைகள் கொடுத்தேன், ஒன்றில் குட்டைப் போல்ட், மற்றதில் ஸ்பேசரும் நீளப் போல்ட்டும். நீளப் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு பெயின்ட் பூசியிருக்கிறேன். இப்போது ஸ்பேசர் பூட்டும் எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறோம். சிவப்புத் தலை தெரிந்தால், பின்னால் ஸ்பேசர் இருக்கிறதா என்று யாராவது ஒருவர் குனிந்து பார்ப்பார்.