வேப்பர் லாக்: ஆவியடைப்பு

டேங்கிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குச் செல்லும் வழியிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகி, அந்த ஆவி குழாயிலோ பம்பிலோ தங்கிப் பின்வரும் பெட்ரோலைத் தடுக்கும் நிலைதான் வேப்பர் லாக். பழைய பெட்ரோல் டிரக் ஒன்று கடும் வெயிலில் மேடேறும்போது திணறி நின்று, அரை மணி நேரம் ஆறியபின் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பினால், பலர் முதலில் சொல்லும் பெயர் இதுவே. ஆனால் சூட்டில் வரும் எல்லாக் கோளாறுக்கும் இதே பெயரைச் சூட்டுவது சரியன்று.

'வேப்பர்' என்பதன் மூலம், நீராவியையும் வெப்பத்தையும் குறித்த இலத்தீன் சொல். 'லாக்' பழைய ஆங்கிலத்தில் தாழ்ப்பாளையும் அடைபட்ட இடத்தையும் குறித்தது. இதை 'ஆவிப்பூட்டு' என்று பெயர்த்தால், சாவி போட்டுத் திறக்கும் பூட்டுத்தான் மனத்தில் தோன்றும். 'நீராவி அடைப்பு' என்பதோ பிழையே. அங்கே இருப்பது பெட்ரோலின் ஆவி, நீரின் ஆவி அன்று. பொருத்தமான சொல் 'ஆவியடைப்பு'. மூக்கடைப்பில் மூக்கு அடைபடுகிறது. கல்லடைப்பிலோ கல்லே அடைக்கிறது. ஆவியடைப்பு என்பதையும் கல்லடைப்பைப் போலவே, ஆவியால் ஏற்படும் அடைப்பு என்று விரித்துப் பொருள் கொள்ள வேண்டும்.

இந்தக் கோளாறு கார்புரேட்டர் வண்டிகளில் மிகுதியாக இருப்பதற்குக் காரணம் பம்ப் இருக்கும் இடம். இவற்றில் பெரும்பாலும், சவ்வின் அசைவால் உறிஞ்சும் டயாஃப்ரம் பம்ப் எஞ்சின் பிளாக்கிலேயே பொருத்தப்பட்டு, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டால் இயக்கப்படுகிறது. அது தொலைவிலுள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் கொதிநிலையும் தாழ்கிறது. பெட்ரோலில் உள்ள இலேசான பகுதிகள் இயல்பான அழுத்தத்திலேயே ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரி செல்சியஸில் கொதிக்கத் தொடங்கிவிடும் என்பதால், சூடான எஞ்சினை ஒட்டிச் செல்லும் குழாயில் ஆவி பிறக்க அதிக நேரம் ஆகாது. பிறந்த ஆவி, பம்பின் ஒவ்வொரு அசைவுக்கும் சுருங்கி விரியுமே தவிர, பெட்ரோலை நகரவிடாது. டேங்குக்குள்ளேயே மின்பம்பை வைத்து அழுத்தித் தள்ளி, கார்புரேட்டர் இன்றிப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இது அரிது.

இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு நிலைகள் உண்டு. விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுவது ஏர் லாக். அதைக் காற்றடைப்பு என்று தனியே வழங்குவதே தெளிவு. மற்றொன்று, எஞ்சினை நிறுத்தியபின் ஏறும் சூட்டில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் கொதித்து, எஞ்சினுக்குள் செல்லும் குழாயான மேனிஃபோல்டுக்குள் பெட்ரோல் வழிவது. ஆவியடைப்பில் எஞ்சின் பெட்ரோல் கிடைக்காமல் நிற்கிறது. இங்கோ மிகுதியான பெட்ரோலால் கிளம்ப மறுக்கிறது. இதற்குக் 'கொதிவழிவு' என்ற சொல் போதும்.

பெயரை உறுதிசெய்ய, வண்டி நின்ற உடனேயே எஞ்சினை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டர் மிதியோடு இணைந்த கம்பியான லிங்கேஜைக் கையால் இழுத்துக் கார்புரேட்டருக்குள் நோக்க வேண்டும்; அருகில் தீப்பொறி எதுவும் இருக்கலாகாது. பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீய்ச்சினால் கிண்ணத்தில் எரிபொருள் இருக்கிறது என்று பொருள்; அப்போது தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைச் சந்தேகிப்பதே முறை, ஏனெனில் அதுவும் சூட்டில் செயலிழந்து ஆறியபின் உயிர்பெறும். பீய்ச்சவில்லையென்றால் டேங்க் மூடியைத் தளர்த்திப் பார்க்கலாம். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால், டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. அதுவும் இல்லையெனில், பம்பின் மீதும் அதற்கு வரும் குழாயின் மீதும் ஈரத்துணியைச் சுற்றிக் குளிரவைத்த சில நிமிடங்களில் ஓட்டம் திரும்பினால் ஆவியடைப்பு என்று சொல்லலாம்.

அப்போதும் வெயிலை மட்டும் குறை சொல்லி முடித்துவிடக் கூடாது. டேங்கினுள் உள்ள வலை துருவாலும் கசடாலும் பாதி அடைத்திருந்தால், பம்ப் கூடுதலாக உறிஞ்ச நேர்ந்து, குழாயில் அழுத்தம் மேலும் தாழ்ந்து, சாதாரணச் சூட்டிலேயே பெட்ரோல் கொதித்துவிடும். குறைந்த அளவில் எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆவியழுத்தம், அதாவது ஆவியாகும் போக்கு, பொதுவாகக் கூடுதல் என்பதால் இது இன்னும் எளிதில் நிகழும். ஆகவே குழாய்க்கு வெப்பத்தடுப்பு உறை போடுவதற்கு முன், அந்த வலையையும் ஃபில்டரையும் சுத்தம் செய்து, உறிஞ்சும் பக்கத்து ஹோஸ்களை மாற்றிவிட வேண்டும்.