பற்றுவாய்: எதுவும் தொடாத 'தொடுதுளை'

சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பிச் சுடும் பழைய பிளின்ட்லாக் துப்பாக்கியின் குழலில், பின்முனைக்குச் சற்று முன்னால், பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு 'டச் ஹோல்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தொடுதுளை' என்று வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த வகைத் துப்பாக்கியில் அந்தத் துளையை எதுவுமே தொடுவதில்லை. போதாக்குறைக்கு, பழந்தமிழில் 'தொடு' என்றால் தோண்டு என்றும் பொருள். குறளில் மணற்கேணியைத் 'தொடுவது' அப்படித்தான். ஆக, தொடுதுளை என்றால் தோண்டிய துளை என்றும் ஆகிவிடும். எந்தத் துளைதான் தோண்டாமல் வந்தது?

முதலில் துளையின் வேலையைப் பார்ப்போம். விசையை இழுத்ததும் குதிரை என்னும் உறுப்பு முன்னால் பாய்கிறது. அதன் வாயில் கவ்விய சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசுகிறது. தகடு முன்னுக்குச் சாய, அதோடு சேர்ந்த மூடியும் திறந்து, கீழே உள்ள சிறு கிண்ணியில் பொறி விழுகிறது. கிண்ணியிலுள்ள பொடி குப்பென்று எரிகிறது. அந்த எரிப்பின் வெப்பம் துளை வழியே உள்ளே போய், குழலுக்குள் கெட்டித்து வைத்திருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. வெளியே எரிந்து உள்ளே பற்றாமல் போவதும் உண்டு. பளிச்சென்று தொடங்கி வீணாய்ப் போவதை ஆங்கிலத்தில் 'பிளாஷ் இன் தி பான்' (கிண்ணியில் ஒரு மின்னல்) என்று சொல்லும் வழக்கு அங்கேதான் பிறந்தது.

அப்படியானால் 'டச்' எங்கிருந்து வந்தது? பிளின்ட்லாக்குக்கு முந்திய காலத்திலிருந்து. பிரான்சில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பொறியமைப்பு உருவாவதற்கு முன்பே கைப்பீரங்கிகளும் பெரும் பீரங்கிகளும் இருந்தன. அவற்றில் பழுக்கக் காய்ச்சிய கம்பியையோ கனன்றுகொண்டிருக்கும் திரியையோ துளையருகே கொண்டுபோய் உண்மையாகவே வைப்பார்கள். அதனால் ஆங்கிலத்தில் 'டச்' என்பதற்கு நெருப்பு வைத்தல் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. வாணவேடிக்கையில் கொளுத்தும், வெடியுப்பில் தோய்த்த தாளுக்கு 'டச் பேப்பர்' என்றும், வெடிக்கச் செய்வதற்கு 'டச் ஆஃப்' என்றும் சொல்வது இந்தப் பொருளில்தான். கருவி மாறியது, தொடுவது நின்றது, பெயர் மட்டும் நிலைத்தது.

மற்ற மொழிகள் இதே துளையை வேறு வேறு கண்ணால் பார்த்திருக்கின்றன. ஜெர்மனில் அது நேரடியாகப் 'பற்றவைக்கும் துளை'. பிரெஞ்சில் 'ஒளி'. ஸ்பானிய மொழியில் 'காது'. எனக்குப் பிடித்தது காதுதான்: குழலின் பக்கவாட்டில் சின்னதாக, உள்ளே போகும் வழியாக இருக்கிறதே. பீரங்கிக்காரர்கள் ஆங்கிலத்தில் 'வென்ட்' என்றும் சொல்வார்கள். பின்வாங்கும் படை தன் பீரங்கி எதிரிக்குப் பயன்படாதபடி இந்தத் துளையில்தான் ஆணி அடித்துவிட்டுப் போகும்.

இன்று துப்பாக்கி செய்பவர்களிடையே இந்தச் சொல் அதிகம் அடிபடுவது ஒரு கேள்வியை ஒட்டித்தான்: துளையை எங்கே வைப்பது? நீளவாக்கில் விடை தெளிவு. குழலின் பின்முனையை ஒரு திருகடைப்பு மூடியிருக்கும். துளை அந்த அடைப்பின் முகத்துக்கு முன்னால், மருந்து இருக்கும் இடத்தில் திறக்க வேண்டும். பின்னால் போனால் அடைப்பின் இரும்பில்தான் முட்டும். துளைக்குத் திருகு லைனர், அதாவது குழலில் திருகிப் பொருத்தும் துளையிட்ட சிறு உலோகத் துண்டு, போடுவதானால் இன்னும் கவனம் வேண்டும். கால் அங்குல விட்டமுள்ள லைனரின் மையம் அடைப்பின் முகத்திலிருந்து 1/8 அங்குலத்துக்கும் கூடுதலாகவே முன்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் விளிம்பு அடைப்போடு மோதும். குழலுக்குள் ஒரு கோலை அடைப்பின் முகம் வரை விட்டு, குழல்வாயருகே கோலில் குறியிட்டு, அதே அளவை வெளியே வைத்துப் பார்த்தால் முகம் எங்கே என்று தெரிந்துவிடும்.

அப்புறம், கிண்ணியின் நடுவுக்கு நேராகத் துளையின் இடம் வர வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பொறியமைப்பை முதலில் மரக்கட்டையில் பதித்துவிட்டு, துளையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். மரத்தில் குடைந்த குழியை நகர்த்த முடியாது. ஆகவே துளையின் இடத்தைக் குழலில் முதலில் குறித்துவிட்டு, கிண்ணி அதற்கு நேரே வருமாறு பொறியமைப்பைப் பதிக்க வேண்டும். துளையிடுவது கடைசி வேலை. துளையைத் தீர்மானிப்பது முதல் வேலை.

உயரம் பற்றி வாதம் ஓய்ந்தபாடில்லை. துளையின் மையம் கிண்ணியின் மேல்விளிம்பு மட்டத்தில் இருக்கட்டும் என்பது பரவலான விதி. துளை தாழ்ந்திருந்தால் பொடி அதற்குள் நிரம்பி, வெப்பம் பாய்வதற்குப் பதில் பொடி திரிபோல எரிந்து எரிந்து உள்ளே போகும். விசை இழுத்ததற்கும் வெடிப்பதற்கும் இடையே தாமதம் தெரியும் என்பது அவர்கள் வாதம். விட்டம் 1/16 அங்குலம், அதாவது சுமார் 1.6 மி.மீ., என்று தொடங்குவது வழக்கம். சுடச்சுட அது தேய்ந்து பெரிதாகும். அதைத் தடுக்கத்தான் உயர்ரக ஆங்கிலத் துப்பாக்கிகளில் துளைக்குத் தங்கமோ பிளாட்டினமோ பதித்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பற்றுவாய்' என்பதே என் தேர்வு. தீ தானே பற்றும்; நாம் பற்றவைப்போம். ஆங்கிலத்தின் 'டச்' இங்கே சொல்ல வந்ததும் அதைத்தான். இதில் தொடுவதும் தொடாததும் ஒரு பொருட்டே இல்லை, அதனால் திரி வைத்த பீரங்கிக்கும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கும் ஒரே சொல் போதும். 'வாய்' ஏற்கெனவே குழலின் முன்முனைக்கு ஆகிவிட்டதே என்று கேட்கலாம். அது 'குழல்வாய்', இது 'பற்றுவாய்', குழப்பம் வராது. இக்கால லைனர்கள் பலவற்றின் உட்புறத்தைக் கூம்பாகக் குடைந்து, மருந்துப் பக்கம் அகலமாக்கி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தால் துளை என்பதைவிட வாய் என்பதே பொருந்துகிறது.

கூட வரும் சொற்களுக்கும் அலைய வேண்டாம். கல்லைக் கவ்வும் உறுப்பு ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் சேவல், பிரெஞ்சில் நாய், நமக்குக் குதிரை. கிண்ணியில் இடும் பொடிக்கு உருது வழி வந்த 'ரஞ்சகம்' இருக்கிறது. 'சக்கிமுக்கி', 'துப்பாக்கி' இரண்டுமே துருக்கிய வேரிலிருந்து வந்து நம்முடையவை ஆனவை. துளையின் கரியைக் குத்தி எடுக்கும் மெல்லிய கம்பியைப் 'பற்றுவாய் ஊசி' எனலாம். "பற்றுவாய் அடைத்துக்கொண்டது, ஊசியைக் கொடு" என்று சொல்லிப் பாருங்கள். 'தொடுதுளை அடைத்துக்கொண்டது' என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.