ஸ்டிக்கைக் கழற்றும் முன் ஒரு கணக்குப் பாருங்கள்

"அண்ணே, மாரியோ மெதுவா நடக்கவே மாட்டேங்கிறான். தொட்டாலே ஓடுறான். ஸ்டிக்கை மாத்திக் குடுங்க." போன மாதம் ஒரு தம்பி கேம் கன்ட்ரோலரை மேசையில் வைத்தபடி, கட்டைவிரலால் சாய்க்கும் அதன் ஸ்டிக்கைக் காட்டிச் சொன்னார். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கணினியில் செருகிப் பார்த்தேன். கையை எடுத்ததும் திரையில் ஸ்டிக்கின் நிலையைக் காட்டும் புள்ளி சரியாக நடுவில் வந்து நிற்கிறது; சாய்த்தால் விளிம்புவரை சீராகப் போகிறது. ஸ்டிக்கில் ஒரு குறையும் இல்லை.

பழைய நின்டெண்டோ 64 கன்சோலின் விளையாட்டுகளை எமுலேட்டரில், அதாவது அந்தக் கன்சோலைப் போலவே கணினியில் இயங்கும் மென்பொருளில், ஆடுகிறவர்கள் இப்படி நல்ல ஸ்டிக்கையே மாற்றச் சொல்லி வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு ஸ்டிக்கை மாற்ற போர்டில் 14 இடங்களில் சால்டரை உருக்க வேண்டும். அவசரத்தில் செம்புத்தடம் பெயர்ந்து வந்த போர்டுகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. இல்லாத நோய்க்கு அறுவை செய்து, இருந்ததையும் கெடுத்த கதை அது.

1996இல் வந்த நின்டெண்டோ 64இன் அசல் கன்ட்ரோலரில் ஸ்டிக்குக்குக் கீழே துளை வெட்டிய இரண்டு சின்னச் சக்கரங்கள் உண்டு. ஸ்டிக்கை அசைத்தால் அவை சுழலும்; துளை வழியே ஒளி வந்து மறைவதை எண்ணித்தான் எவ்வளவு சாய்ந்தது என்று கன்சோலுக்குச் சொல்லும். 127 வரை எண் அனுப்ப வழி இருந்தாலும், ஸ்டிக் எண்கோண விளிம்பில் முட்டி நிற்கும்போது எண் 80, 85க்கு மேல் போகாது. விளையாட்டை எழுதியவர்கள் அந்த 80ஐ வைத்துத்தான் எழுதினார்கள்.

'சூப்பர் மாரியோ 64' எண் 70ஐத் தொட்டதும் முழு வேகம் கொடுத்துவிடும். பழைய ஸ்டிக்கில் 70 என்பது கிட்டத்தட்ட விளிம்பு. எமுலேட்டர் உங்கள் ஸ்டிக்கின் முழுச் சாய்வை 127 என்று எடுத்துக்கொண்டால், பாதியைக் கொஞ்சம் தாண்டியதுமே 70 வந்துவிடும். இது மேல்பக்கத்துச் சிக்கல். கீழ்ப்பக்கத்தில் டெட் ஸோன், அதாவது நடுவைச் சுற்றி அசைவைக் கணக்கில் எடுக்காமல் விடும் இடம். 8க்குக் குறைவான அசைவை விளையாட்டே கண்டுகொள்ளாது. அதற்கு மேல் எமுலேட்டரில் 20 சதவீதம், கன்ட்ரோலர் மென்பொருளில் இன்னொரு 10 என்று ஏற்றிவைத்தால், மெதுவாக நடப்பதற்கு மிஞ்சுவது நூலிழை இடம்தான்.

அந்தத் தம்பியின் லேப்டாப்பில், எமுலேட்டரின் ரேஞ்சை, அதாவது முழுச் சாய்வுக்கு அனுப்பும் எண்ணின் அளவை, 67 சதவீதத்துக்கு இறக்கினேன். 127இல் 67 சதவீதம் என்றால் 85. டெட் ஸோனை எமுலேட்டரில் மட்டும் 5 சதவீதம் வைத்து, மற்ற இடத்தில் பூஜ்யமாக்கினேன். அந்த மாரியோ விளையாட்டின் வாம்ப்ஸ் ஃபோர்ட்ரெஸ் கட்டத்தில் தூங்குகிற ஒரு செடி இருக்கிறது. பக்கத்தில் ஓடினால் விழித்துக் கடிக்கும். மாரியோ அடிமேல் அடி வைத்து அதன் அருகே போனான். தாலாட்டு இசை நிற்கவில்லை. தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நிஜமாகவே தேய்ந்த ஸ்டிக் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இன்றைய பெரும்பாலான கன்ட்ரோலர்களில் கார்பன் தடத்தின் மேல் ஒரு தொடுமுனை உரசிக்கொண்டே இருக்கிறது. தடம் தேய்ந்தால் கையை எடுத்த பிறகும் புள்ளி நடுங்கும், அல்லது ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். டெட் ஸோனை ஏற்றி அதை மறைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் அந்த உரசல் கிடையாது.

அசல் நின்டெண்டோ 64 கன்ட்ரோலரையே அடாப்டர் போட்டு ஆடுகிறவர்களுக்கு நேர் எதிரான பிரச்சினை. உள்ளே பிளாஸ்டிக் தேய்ந்து வெள்ளைத் தூளாகக் கொட்டும், எண் 60ஐத் தாண்டாது, மாரியோவுக்கு முழு ஓட்டமே வராது. அங்கே ரேஞ்சைக் கூட்டிப் பாருங்கள். இன்னொன்று, ஆன் செய்யும் நேரத்தில் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அதையே அது நடு என்று எடுத்துக்கொள்ளும். விரலை அதன் மேல் வைத்தபடி ஆன் செய்திருந்தால் எல், ஆர், ஸ்டார்ட் பட்டன்கள் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், நடு மறுபடி பதிவாகிவிடும். அப்புறமும் ஒரு பக்கமாகவே இழுத்தால் சர்வீஸுக்குக் கொண்டுவாருங்கள்.