தெளிக்கிற மருந்து சாடியோடு நிற்பதில்லை

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துப் பல்கனிகளில் கொச்சிக்காய் இலை சுருண்டால் உடனே ஒரு போத்தல் பீடைநாசினி வாங்கி அடித்துவிடுகிறார்கள். சாடியில் வழிந்த மிச்சம் மழையோடு பீலியில் இறங்கி, வடிகானில் சேர்ந்து, கால்வாய்க்குப் போய்விடும். கொழும்பின் கால்வாய்கள் சதுப்பு நிலங்களோடு தொடுத்துக் கிடப்பவை. அந்தச் சதுப்புகளால்தான் 2018இல் இந்நகருக்கு, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது.

பைரித்ரொயிட் வகை மருந்துகள் மனிதருக்கு ஒப்பீட்டளவில் நச்சுக் குறைந்தவை. ஆனால் மீனையும் நீர்ப்பூச்சியையும் கொல்ல அதில் மிகச் சிறிய அளவே போதும். நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் தும்பிக் குடம்பிகளும் அதில் அழிகின்றன. டெங்குக்கு அஞ்சும் ஊர் இழக்கக்கூடாத காவல் அது. இமிடாக்குளோப்ரிட் என்ற இன்னொரு பூச்சிமருந்து செடிக்குள்ளேயே ஊடுருவிப் பூந்தேன் வரை போய்த் தேனீயைத் தாக்கும்.

நன்மை செய்யும் பூச்சிகளின் பலத்தை இலங்கை நேரில் கண்டிருக்கிறது. 1970 அளவில் கொழும்புப் பக்கத்துத் தென்னைகளில் புகுந்த இலை குடையும் வண்டை, சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி அடக்கியது. 2008இல் வந்த பப்பாசி மாவுப்பூச்சியையும் அப்படியொரு குளவிதான் கட்டுப்படுத்தியது. கண்டபடி மருந்தடித்தால் இந்தக் குளவிகளும் பொறிவண்டுகளும்தான் முதலில் சாகும். பூச்சி சில நாளில் திரும்பி வரும், அதைத் தின்ன வந்தவை வருவதில்லை.

ஆகவே முதலில் எதிரி யாரென்று பாருங்கள். கொச்சி இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி (த்ரிப்ஸ்). கீழ்நோக்கி மடிந்தால் சிற்றுண்ணி. சிற்றுண்ணி பூச்சி இனமே அல்ல, பல பூச்சிமருந்துகள் அதைத் தொடாது. அதைத் தின்பவை செத்துப்போவதால், அடித்தபின் அது இன்னும் பெருகும்.

இரண்டுக்கும் வேப்பெண்ணெய் உதவும். பலிக்கவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கலக்கும் விதத்தில்தான் தவறுகிறார்கள். எண்ணெயைத் தண்ணீரில் நேரே ஊற்றினால் மேலே மிதக்கும். ஸ்பிரேயரில் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் இலையைக் கருக்கும் எண்ணெயும் வரும். 5 மி.லீ. எண்ணெயில் 2 மி.லீ. திரவச் சவர்க்காரம் விட்டு, கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பால்நிறம் வரும்வரை கலக்குங்கள். பிறகு 1 லீற்றராக்குங்கள். சலவைத்தூள் வேண்டாம், இலையைச் சுடும். முதல் நாள் இரண்டு இலையில் மட்டும் அடித்துப் பாருங்கள். மாலை 5 மணிக்குப் பின், இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். வேம்பில் வேலை செய்யும் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை ஓய்ந்து இலை காய்ந்த பிறகே தொடங்குங்கள். கலந்ததை அன்றே முடித்துவிட வேண்டும். 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று தடவையாவது தேவை. வேம்பு உடனே கொல்வதில்லை. பூச்சி தின்பதையும் தோல் உரிப்பதையும் தடுக்கிறது. மறுநாளே பலன் தேடிப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

மாவுப்பூச்சிக்கு மெழுகுப் போர்வை உண்டு. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தபின் அடியுங்கள். எறும்பைத் தடுக்காமல் அது போகாது, ஏனென்றால் எறும்புதான் அதைக் காத்து நிற்கிறது. சாடியைத் தண்ணீர்த் தட்டில் வைக்காதீர்கள், நுளம்பு முட்டையிடும். சாடி வைக்கும் தாங்கியின் காலில் கிறீஸ் பூசினால் போதும். மாவுப்பூச்சி போலவே வெள்ளை நூல் போர்த்து, ஆனால் சற்றுப் பெரிதாக, வேகமாக ஓடுவது பொறிவண்டின் குடம்பியாக இருக்கலாம். அதை விட்டுவிடுங்கள்.

இயற்கை என்ற பெயருக்காகப் புகையிலைச் சாறு அடிக்க வேண்டாம். நிக்கொட்டின் தோலாலும் உள்ளே போகும் கடும் நஞ்சு.

மருந்து வாங்கியே தீரவேண்டுமென்றால் பீடைநாசினிப் பதிவாளரின் பதிவிலக்கம் லேபலில் உண்டா என்று பாருங்கள். சின்னப் போத்தலில் பிரித்து விற்பதை வாங்காதீர்கள். தேவைக்கு மட்டும் கலந்து, வெற்றுப் போத்தலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் ஸ்பிரேயரிலேயே ஊற்றி அடியுங்கள். கழுவுதொட்டியில் ஊற்றினால் அதுவும் கால்வாய்க்குத்தான் போகும்.