அழுறதுக்கு எதுக்கு பாத்ரூம் குழாயைத் திறந்து விடணும்?

கவுன்சிலிங்குக்குன்னு என்கிட்ட ஒரு பொண்ணு வந்தாங்க, உள்ள வந்து உக்காந்து முதல் பத்து நிமிஷம் அவங்க பேசுனது பூரா ஆபீஸ் பத்திதான். டார்கெட், மேனேஜர், ராத்திரி தூக்கம் வரல, இப்படியே போயிட்டிருந்துச்சு. நடுவுல போன் டிங்னுச்சு, எடுத்துப் பாத்தாங்க, முகமே மாறிடுச்சு. என்னம்மான்னு கேட்டேன், ஒண்ணும் பேசாம போனை என் பக்கம் திருப்பிக் காட்டுனாங்க. கர்ப்பிணிகளுக்கான ஒரு ஆப். "இந்த வாரம் உங்க பாப்பா ஒரு எலுமிச்சம்பழம் சைஸ்ல இருக்கும்"னு போட்டிருக்கு. கரு கலைஞ்சு அன்னியோட நாலு வாரம். ஆப்பை டெலீட் பண்ண மனசு வரல மேடம்னாங்க.

(என்கிட்ட வந்த ரெண்டு மூணு பேரோட கதையைக் கலந்து, அடையாளம் தெரியாத மாதிரி மாத்தித்தான் எழுதுறேன்.)

வீட்ல யாரும் கெட்டவங்க இல்ல. "நல்லவேளை ஆரம்பத்துலயே போச்சு", "உனக்கு என்ன வயசாயிடுச்சு", "அடுத்த மாசமே நிக்கும் பாரு", "அழுதா உடம்பு கெட்டுடும்டி"ன்னு ஆளாளுக்கு நல்ல எண்ணத்துலதான் சொல்லிருக்காங்க, ஆனா இவங்க காதுல விழுந்தது அழாதங்கிற ஒண்ணு மட்டும்தான். அதனால தினமும் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டு, பக்கெட் ரொம்புற சத்தத்துக்குள்ள அழுதிருக்காங்க. பக்கெட் ரொம்பி வழிய ஆரம்பிச்சா மாமியார் குரல் கொடுப்பாங்களாம், அதுக்குள்ள முடிச்சாகணும்.

இத்தனைக்கும் நம்ம ஊர்ல சாவுக்கு அழத் தெரியாதவங்களா நாம? கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைக்கிறோம், பக்கத்து வீட்ல இருந்து சாப்பாடு வருது, 16ஆம் நாள் காரியம், வருஷா வருஷம் திதின்னு துக்கத்துக்குன்னே ஒரு எடம் ஒதுக்கி வெச்சிருக்கோம். கரு கலைஞ்சா மட்டும் இதுல ஒண்ணுகூட கிடையாது. முகம் பாக்கல, பேர் வெக்கல, அப்புறம் என்ன துக்கம்னு விட்டுடுறோம். இவங்க மூணாம் நாளே வேலைக்குப் போயிட்டாங்க. கரு கலைஞ்சா சம்பளத்தோட 6 வாரம் லீவு தரணும்னு 1961ல வந்த மகப்பேறு சட்டத்துலயே சொல்லிட்டாங்க, அது அவங்களுக்கும் தெரியாது, ஆபீஸ்ல யாரும் சொல்லவும் இல்ல.

"அதை நெனைக்கவே கூடாதுன்னுதான் மேடம் இருக்கேன், ஆனா அதுதான் நாள் பூரா வருது"ன்னாங்க. மருந்து குடிக்கும்போது குரங்கை நெனைக்காதன்னு நம்ம பாட்டிங்க சொல்ற கதைதான். டேனியல் வெக்னர்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர் இதைச் சோதிச்சே பாத்திருக்கார், 1987ல வந்த ஆய்வு. அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடியை நெனைக்காதீங்க, நெனப்பு வந்தா மணி அடிங்கன்னு மாணவர்கள்கிட்ட சொன்னா, மணி அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. அதோட முடியல, சரி இப்ப தாராளமா நெனைங்கன்னு விட்டப்போ, ஆரம்பத்துலயே நெனைக்கச் சொல்லி விட்டவங்களை விட இவங்களுக்குத்தான் கரடி அதிகமா வந்துச்சு. அடக்கி வெச்சது வட்டியோட வருது, அவ்ளோதான்.

ஆனா வலியை விட மோசமா இவங்களைப் படுத்துனது வேற. ஸ்கூட்டியில போனேன், ஒருநாள் பப்பாளி சாப்பிட்டேன், மூணு மாடி ஏறுனேன்னு ஒரு பெரிய லிஸ்ட்டே வெச்சிருந்தாங்க, ராத்திரி ஒரு மணிக்கு அதை எடுத்து வெச்சுக்கிட்டு தன்னையே விசாரணை பண்ணுவாங்க. கர்ப்பம்னு உறுதியா தெரிஞ்சதுலயே 100க்கு 10, 20 இப்படி கலையிறதுண்டு, முதல் மூணு மாசத்துல கலையிறதுல ஏறக்குறைய பாதிக்கு கருவோட குரோமோசோம் கோளாறுதான் காரணம், மாடிப்படியும் ஸ்கூட்டியும் இல்ல. இதை அவங்க டாக்டரே சொல்லியிருக்காங்க. தெரியும் மேடம், ஆனாலும்னு இழுத்தாங்க.

சரி, உங்க தங்கச்சிக்கு இதே நடந்து, அவ இதே லிஸ்ட்டோட உங்ககிட்ட வந்தா என்ன சொல்லுவீங்கன்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, "ஏய் லூசு, ஸ்கூட்டி ஓட்டுனா எல்லாம் போகாதுடி, வா, வந்து ரெண்டு வாய் சாப்பிடு"ன்னு வந்துச்சு. இப்ப அதை உங்களுக்கே சொல்லுங்கன்னேன். வாயே தொறக்கல. ரொம்ப நேரம் கழிச்சு அழுதாங்க, என் ரூம்ல குழாய் கிடையாது, நல்லா சத்தமாவே அழுதாங்க.

இப்படி தன்கிட்டயே அன்பா நடந்துக்கிறதுக்கு இங்கிலீஷ்ல செல்ஃப் கம்பேஷன்னு பேரு, டெக்ஸாஸ்ல இருக்கிற கிறிஸ்டின் நெஃப்ங்கிற பேராசிரியை 2003ல இதை அளக்க ஒரு கேள்விப்பட்டியலே தயார் பண்ணாங்க. தமிழ்ல தன்னிரக்கம்னு சொன்னா உடனே சுயபச்சாதாபம்னு எடுத்துக்குறாங்க, எனக்கு அந்த வார்த்தையில திருப்தி இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் நம்ம பேச்சுலயே இருக்கு, "எனக்கு மட்டும் ஏன்"ங்கிறது சுயபச்சாதாபம், "எனக்கும் வந்திருக்கு"ங்கிறது இது. அந்த 'மட்டும்' போயி 'உம்' வர்றதுக்குத்தான் இவ்ளோ பாடு.

இன்னொண்ணு, நாம எதுக்கெடுத்தாலும் "ஒரு மாதிரியா இருக்கு"ன்னு சொல்லி முடிச்சுடுறோம். எந்த மாதிரின்னு கேட்டுக்கிட்டே போனா இவங்ககிட்ட இருந்து துக்கம் வந்துச்சு, நாத்தனார் வளைகாப்பு போட்டோவைப் பாத்து வந்த பொறாமை வந்துச்சு (அதைச் சொல்லத்தான் ரொம்பக் கூச்சப்பட்டாங்க), கோவமும் வந்துச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டா அது கொஞ்சம் தணியுது. பொறாமை வந்ததால கெட்டவ ஆயிட மாட்டீங்கம்மா, வந்துட்டுப் போகட்டும்னு சொன்னேன்.

வீட்டுக்காரர் மூணாவது தடவைதான் கூட வந்தார். நான் அழுதா இவ உடைஞ்சிருவான்னு அவர் பைக்கை எடுத்துட்டு பெட்ரோல் பங்க் வரைக்கும் போயி சும்மா நின்னுட்டு வருவாராம். இவங்களோ அவருக்கு ஒண்ணுமே இல்ல போலன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. ஆம்பளைங்ககிட்ட யாரும் எப்படி இருக்கன்னு கேக்குறதே இல்ல, பொண்டாட்டி எப்படி இருக்கான்னுதான் கேக்குறாங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், சாப்பாடு இல்லாம போனாலோ, இருந்து என்ன ஆகப்போகுதுன்னு நெனப்பு வந்தாலோ தனியா தாங்கிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க. 14416, டெலி மானஸ், மத்திய அரசோட இலவச மனநல உதவி லைன், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம்.

போன வாரம் வந்தப்போ ஆப் இன்னும் போன்லதான் இருந்துச்சு, நோட்டிபிகேஷனை மட்டும் நிறுத்தியிருந்தாங்க. டாக்டர் முதல்ல குறிச்சுக் கொடுத்த பிரசவத் தேதி வர இன்னும் சில மாசம் இருக்கு, அன்னிக்கு ரெண்டு பேரும் லீவு போடுறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அவர் பீச்சுக்குப் போலாங்கிறார், இவங்க வீட்லயே இருக்கலாங்கிறாங்க.