காற்றுப் பண்ணையா, காற்றாலைத் தொகுதியா?

"காற்றுப் பண்ணையில் உற்பத்தியாகும் காற்று மின்சாரமாக மாற்றப்படுகிறது." திருத்தித் தரச் சொல்லிப் போன வாரம் என்னிடம் வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இருந்த வரி இது. காற்றாலைகள் கூட்டமாக நிற்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'விண்ட் ஃபார்ம்' (wind farm) என்பார்கள்; அதைத்தான் சொல்லுக்குச் சொல் 'காற்றுப் பண்ணை' ஆக்கியிருந்தார். எழுதியவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பண்ணை என்று பெயர் வைத்துவிட்டால், அங்கே எதையாவது விளைவித்துத்தானே ஆக வேண்டும்?

காற்றாலை நல்ல சொல். ஆலை முதலில் கரும்பாட்டும் பொறி. 'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்பதில் வருவது அதுதான். அப்புறம் பஞ்சாலை, காகித ஆலை என்று பொருள் விரிந்தது. அதற்குப் பதில் சிலர் சொல்லும் 'காற்றுச் சுழலி'யிலும் நியாயம் உண்டு; 'விண்ட் டர்பைன்' என்ற ஆங்கிலப் பெயரின் நேர் பெயர்ப்பு அது. டர்பைன் என்ற பெயரை 1822-இல் உருவாக்கியவர் பிரெஞ்சுப் பொறியாளர் குளோத் பூர்தேன். அதன் வேரான லத்தீன் 'டர்போ' பம்பரத்தையும் சுழல்காற்றையும் குறிக்கும். ஆனால் காற்றுச் சுழலி என்றால் எனக்குச் சூறாவளிதான் முதலில் கண்ணில் வருகிறது.

சரி, பண்ணைக்கு வருவோம். கோழிப்பண்ணை, மீன்பண்ணை, பால்பண்ணை: எல்லாவற்றிலும் ஒன்று வளர்கிறது, பெருகுகிறது. காற்றாலைகள் நிற்கும் இடத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். வரும் காற்று இறக்கைகளைத் தள்ளிச் சுழற்றுகிறது, அந்தச் சுழற்சி மின்னாக்கியை ஓட்டுகிறது, காற்று வேகம் இழந்து வெளியே போகிறது. முன்வரிசை ஆலைக்குப் பின்னால் காற்று மெலிந்து, கலங்கிக் கிடக்கும். அதனால்தான் ஆலைகளை இறக்கை வட்டத்தின் விட்டத்தைப்போல் பல மடங்கு தள்ளித் தள்ளி நிறுத்துகிறார்கள். காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த ஆலையாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். வேகம் பாதியானால் கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். வந்ததைவிடக் குறைந்து போவதற்குப் பெயர் பண்ணையா?

பழைய நூல்களில் பண்ணைக்குக் கூட்டம் என்ற பொருளும் உண்டே என்பார்கள். உண்டுதான். இன்று படிப்பவர் மனத்தில் அந்தப் பொருள் இல்லையே! ஆங்கிலத்தில் உழவுச் சொல் இருந்தால் தமிழிலும் உழவுச் சொல் தேடுவது, அகராதியைப் பார்த்து வேலையை முடிக்கும் பழக்கம். பொருளைப் பார்ப்பவருக்குக் 'காற்றாலைத் தொகுதி' தானாக வந்துவிடும்.

அந்த வரியை "காற்றாலைத் தொகுதியில் காற்றின் வேகத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள்" என்று மாற்றி அனுப்பினேன்.